கதிரையும் கறித்தூளும்

வால்டோர்ஃபில் நாங்கள் வேலை செய்யும் உணவகத்தின் பட்டியலில் ‘வால்டோர்ஃப் சலாட்’ என்று ஒன்று உண்டு. செலரிக் கிழங்கையும் அப்பிளையும் நெருப்புக்குச்சித் தடிப்பில் வெட்டி, கறுக்காமலிருக்க எலுமிச்சம்புளி விட்டு, மயோனைசில் பிரட்டி, மேலே வால்நட் தூவ வேண்டும். கிழமையில் மூன்று நாள் இந்த வேலை எங்கள் பொறுப்பு. ஊரின் பெயரைக் கொண்டிருப்பதால் இந்த ஊர்க் கிழவிகள் யாரோ கண்டுபிடித்த சாப்பாடு என்றுதான் முதலில் நினைத்திருந்தோம். பிறகுதான் தெரிந்தது, அது நியூயோர்க்கிலிருந்து வந்தது.

1763 இல் இந்த ஊரில் ஓர் இறைச்சிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் யோகான் யாகோப் அஸ்டோர். பதினாறு, பதினேழு வயதில் பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போனார். லண்டனில் தமையனாரிடம் வாத்தியக் கருவிகள் செய்யும் வேலை. 1784 இல் அமெரிக்கா. அங்கே மிருகத்தோல் வியாபாரம், பிறகு நியூயோர்க்கில் நிலம். 1848 இல் சாகும்போது அமெரிக்காவின் மிகப் பெரிய பணக்காரர் அவர்தான். அவருடைய பேரனின் மகன் 1893 இல் நியூயோர்க்கில் கட்டிய ஹோட்டலுக்கு ‘வால்டோர்ஃப்’ என்று பெயர். அந்த ஹோட்டலின் சாப்பாட்டுக்கூடத்தை நடத்திய ஒஸ்கார் ட்ஷிர்க்கி என்பவரின் பெயரோடுதான் இந்தச் சலாட்டைச் சேர்த்துச் சொல்கிறார்கள். அவரும் சுவிஸிலிருந்து போனவர். ஆக, ஊரை விட்டுப் போனவனின் வாரிசு கட்டிய ஹோட்டலில், ஊரை விட்டு வந்த இன்னொருவன் பரிமாறிய சாப்பாடு கடல் தாண்டித் திரும்பி வந்திருக்கிறது. இப்போது அதை வெட்டுகிறவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள்.

அஸ்டோரைப் பற்றி இந்த ஊருக்குப் பெருமை அதிகம். ஊரின் ஏழைகளுக்கென அவர் உயிலில் எழுதிய 50,000 டொலரில் 1854 இல் கட்டப்பட்ட அஸ்டோர் இல்லம் இன்றும் இருக்கிறது. தோல் வியாபாரத்தில் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்குச் சாராயம் போனதையும், அவருடைய கப்பல் சீனாவுக்கு அபின் ஏற்றியதையும் பெருமையோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. இன்று அவர் ஜேர்மனிக்குள் இதே விதமாக வந்திருந்தால் என்ன பெயர் கிடைத்திருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். பொருளாதார அகதி.

எமது புலம்பெயர்வைப் பற்றி எழுதுகிறவர்கள் கலவரம், ஒப்பந்தம், இயக்கம், சட்டம் என்று எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் வந்து இறங்கிய இரவு எங்கே படுத்தோம், அந்தக் கட்டில் யாருடையது, முதல் கிழமை எதைச் சாப்பிட்டோம் என்பவை ஏனோ வரலாறாக எண்ணப்படுவதில்லை. நாங்கள் யாழ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி முடிக்காமல் விட்டவர்கள். படித்ததையும் இப்போது நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று படுகிறது. ஒரு மனிதன் தன் கட்டிலையும் தன் கறியையும் தானே தெரிவுசெய்யும் உரிமையை எப்போது இழக்கிறான், எப்படித் திரும்பப் பெறுகிறான் என்பதும் அரசியல் வரலாறுதான்.

*

எங்களுக்கு முன் வந்தவர்களின் பாதை பலருக்குத் தெரிந்ததே. 1983 யூலைக்குப் பிறகு, ஏரோஃபுளொட் விமானத்தில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையம். அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லின். பேர்லின் சுவரை நாட்டு எல்லையாக மேற்கு ஜேர்மனி ஏற்றுக்கொள்ளாததால் மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பார்க்க ஆளில்லை. 1985 இல் மேற்கு ஜேர்மனியில் தஞ்சம் கேட்ட ஏறத்தாழ 74,000 பேரில் இலங்கையர் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்றாக இருந்தார்கள். அந்த வருடம் யூலையில், மேற்கு ஜேர்மனிக்கு விசா இல்லாத தமிழரை இனித் தன் வழியாக விடுவதில்லை என்று கிழக்கு ஜேர்மனி ஒப்புக்கொண்டது. அதே நாட்களில் மேற்கிலிருந்து அதற்குக் கிடைத்து வந்த வட்டியில்லாக் கடனின் அளவு உயர்த்தப்பட்டது. இரண்டும் ஒரே பேச்சுவார்த்தையின் இரண்டு பக்கங்கள்.

வந்தவர்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்பினார்கள். போன இடத்தில் இரண்டடுக்கு இரும்புக் கட்டில், ஒரு கம்பளி, அரைப்பங்கு அலுமாரி. 1987 இலிருந்து ஐந்து வருட வேலைத்தடை. 1991 இல்தான் அது எடுபட்டது. பதியப்பட்ட மாவட்டத்தின் எல்லையை அனுமதியில்லாமல் தாண்டக்கூடாது. எங்களோடு கோப்பை கழுவிய மூத்த அண்ணை ஒருவர் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுவார். அவருடைய முகாமுக்குக் கிட்டிய பெரிய நகரம் வேறு மாவட்டம். எங்கள் ஆட்கள் சாமான் வாங்கும் கடை அங்கேதான் இருந்தது. ஒருநாள் ரயிலில் திரும்பி வரும்போது பொலிஸ் மறித்தது. பையில் என்ன என்று கேட்டார்கள். அவர் பையைத் திறந்து காட்டினார். ஒரு கிலோ தூள், அரைக்கிலோ கருவாடு. “கருவாட்டு மணத்துக்கு விட்டுடுவாங்கள் எண்டு நினைச்சன். தண்டம் எழுதினாங்கள்” என்று சொல்லிச் சிரிப்பார். தூளின் விலையைப் போலத் தண்டம் பல மடங்கு.

1993 இல் தஞ்சச் சட்டம் இறுக்கப்பட்டது. அந்த வருடம் நவம்பர் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம், அகதி விண்ணப்பதாரர்களுக்கு உதவியைக் காசாகக் கொடுக்காமல் முடிந்தவரை பொருளாகவே கொடுக்க வேண்டும் என்றது. கைச்செலவுக்கு வளர்ந்தவருக்கு மாதம் 80 மார்க், சிறுபிள்ளைக்கு 40 மார்க். காசு கையில் கொடுத்தால் இன்னும் ஆட்கள் வருவார்கள் என்பது காரணம்.

நாங்கள் வந்தது 2010 இல், முள்ளிவாய்க்காலுக்கு அடுத்த வருடம். மார்க் போய் யூரோ வந்திருந்தது. சட்டம் அப்படியே இருந்தது. எங்கள் முகாமில் கிழமைக்கு இரண்டு முறை பொதி தருவார்கள். வரிசையில் நின்று கையெழுத்து வைத்து வாங்க வேண்டும். பாண், வெண்ணெய், ரின் மீன், உருளைக்கிழங்கு, பிளாஸ்ரிக் பையோடு தண்ணீரில் போட்டு அவிக்கிற அரிசி. பசி என்று சொல்ல முடியாது. எங்கள் முறைப்பாடு பசியைப் பற்றியதல்ல. அந்தப் பையரிசியை அவித்தால் ஒன்றோடொன்று ஒட்டாமல் மணிமணியாய் நிற்கும். குழம்பு விட்டால் குழம்பு ஒரு பக்கம் ஓடும், சோறு ஒரு பக்கம் நிற்கும். குழம்புக்கும் வழியில்லை, தூள் பொதியில் வராது. அறையில் எங்களோடிருந்த ஆப்கான் பெடியன் தன் உருளைக்கிழங்கைத் தந்து எங்கள் மீனை வாங்குவான். அந்தச் சின்னப் பண்டமாற்றுத்தான் ஒரு நாளில் நாங்கள் செய்த ஒரே தெரிவு.

பொதியில் வந்த அந்த உருளைக்கிழங்குக்கும் ஒரு கதை உண்டு. மதத்தின் பேரால் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்து துரத்தப்பட்ட வால்டென்சியர் என்ற புரட்டஸ்தாந்துக் கூட்டம் 1699 அளவில் இந்தப் பகுதிகளில் வந்து குடியேறியது. பிராங்க்பேர்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வால்டோர்ஃப் இருக்கிறது. அதை உண்டாக்கியவர்களே அவர்கள்தான். அவர்களின் போதகர் ஹென்றி அர்னோ 1701 இல் ஷோனென்பேர்க்கில் தன் தோட்டத்தில் நட்டதிலிருந்துதான் வூர்ட்டெம்பேர்க் பகுதியில் உருளைக்கிழங்கு பரவியது என்று சொல்லுவார்கள். அகதி கொண்டுவந்த கிழங்கு முந்நூறு வருடத்தில் ‘எங்கள் சாப்பாடு’ ஆகி, அகதிக்குப் பொதியாகக் கட்டிக் கொடுக்கப்படுகிறது!

2012 யூலை 18 இல் ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1993 இலிருந்து விலைவாசி ஏறியும் உதவித்தொகை ஒரு சதமும் உயரவில்லை. இது மனித மாண்புக்கு ஒவ்வாதது. ஆட்களை வரவிடாமல் தடுப்பதற்காக மனித மாண்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. நாங்கள் அந்தத் தீர்ப்பை வாசித்தது வெகுகாலத்துக்குப் பிறகு, வேலை முடிந்த ஓர் இரவு, அகராதியோடு. பொதிக்கு வரிசையில் நின்றபோது எங்களுக்குப் பெயர் தெரியாதிருந்த ஒன்றுக்கு அதில் பெயர் இருந்தது.

*

கடைகளின் வரலாற்றுக்கு வருவோம். முதல் வந்தவர்களுக்குத் தமிழ்க்கடை ஏது? அவர்களைக் காப்பாற்றியது துருக்கிக்கடை. 1961 இல் மேற்கு ஜேர்மனி துருக்கியோடு ஆள் சேர்க்கும் ஒப்பந்தம் செய்தது. 1973 இல் ஆள் எடுப்பதை நிறுத்தியது. போனால் திரும்பி வர முடியாது என்று பயந்த தொழிலாளர்கள் குடும்பங்களை அழைத்தார்கள். குடும்பம் வந்தால் கடை வரும். அங்கே கத்தரிக்காய் இருந்தது, பச்சை மிளகாய் இருந்தது, கொத்தமல்லித்தழை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் சூப்பு வைக்கிற சிவப்புப் பருப்பு இருந்தது. அது வேறொன்றுமல்ல, எங்கள் மைசூர்ப்பருப்பு! முதன்முதலில் அந்தப் பையைக் கண்டவர் கடைக்குள்ளேயே அழுதுவிட்டார் என்று அண்ணை சொன்னார். யார் அழுதது என்று நாங்கள் கேட்கவில்லை.

மற்றவையெல்லாம் சமாளிப்பு. தேங்காய்ப்பூவுக்குக் கேக் போடுகிறவர்கள் வாங்கும் காய்ந்த துருவல். பால் தெளித்து ஊறவைத்தால் சம்பலுக்கு ஆகும். புட்டுக் குழல் இல்லை. பானை வாயில் துணி கட்டி அவித்தார்கள். அரிசிமாவுக்கு வியட்நாம்காரரின் கடை. அவர்களும் 1979 அளவில் கடலில் படகுகளிலிருந்து மீட்கப்பட்டு வந்தவர்கள். தூளுக்கு மட்டும் மாற்றில்லை. மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்த தூள், ஊரிலிருந்து வருகிறவரின் பெட்டியில் உடுப்புகளுக்கிடையில் வந்தது. ஒரு கரண்டி தூளுக்கு வீட்டுக்கு வீடு கடன் இருந்தது. இன்று மான்ஹைமில் நாங்கள் போகும் கடையில் மூன்று நான்கு வகைத் தூள் அடுக்கியிருக்கிறது. அந்தத் தட்டுக்குப் பின்னால் துருக்கியரும் வியட்நாமியரும் நிற்கிறார்கள் என்பதை நாங்கள் மறக்கக்கூடாது. ‘துருக்கியன்’ என்று ஏளனமாகப் பேசும் எம்மவர் சிலருக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

*

தளபாடக் கதை வேறு. அது வெட்கத்தின் கதை.

ஜேர்மனியில் வேண்டாத பெரிய சாமான்களைக் குறித்த நாளில் வீதியோரம் வைப்பார்கள். மாநகரசபை லொறி வந்து அள்ளிப் போகும். ‘ஸ்பேர்முல்’ என்பார்கள். முந்திய இரவே எம்மவர்கள் கிளம்பிவிடுவார்கள். எந்த வீதியில் எந்தக் கிழமை என்பது மனப்பாடம். சோபா, கட்டில், கதிரை, சில நேரம் நல்லாய் வேலை செய்கிற தொலைக்காட்சிப் பெட்டி. இருட்டில் தூக்குவார்கள், இன்னொரு தமிழன் காணாமல். எதிரே இன்னொரு தமிழன் இன்னொரு கதிரையோடு வந்தால் இருவரும் ஒருவரையொருவர் காணாததுபோலக் கடந்து போவார்கள்.

ஊரில் ஒருவர் கழித்துப் போட்டதை எடுத்து வாழ்வது எந்தச் சாதிக்கு விதிக்கப்பட்டிருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பழைய வேட்டி யாருடைய கொல்லைப்புறத்தில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதும் தெரியும். இங்கே வந்து வெள்ளாளரும் கரையாரும் பள்ளரும் ஒரே வீதியில் ஒரே சோபாவைத் தூக்கினார்கள். அந்தச் சமத்துவம் நிலைத்ததா? சோபாவைத் துடைத்து, மேலே பூப்போட்ட துணி விரித்து, அதில் காலுக்கு மேல் கால் போட்டு இருந்து படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். படத்தைப் பார்த்து ஊரில் சீதனம் பேசினார்கள். சாதி பார்த்துத்தான் பேசினார்கள். குப்பைச் சோபா எவரையும் திருத்திவிடவில்லை.

எங்களுக்கு வேலை அனுமதி கிடைத்து, முகாமை விட்டு அறை எடுத்தது 2013 இல். முதல் சம்பளத்தோடு, வால்டோர்ஃப் எல்லையில் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் இகேயாவுக்குப் போனோம். சுவீடன்காரக் கடை, ஜேர்மனியில் அதன் முதல் கடை 1974 இல் மியூனிச்சுக்குப் பக்கத்தில் திறந்தது. பலகைகளாகத் தருவான்; வீட்டில் நாமே பூட்ட வேண்டும். காருக்குள் கொள்ளாத மேசையின் காலைக் கழற்றியதில் 1956 அளவில் பிறந்த யோசனை என்பார்கள். கட்டிலொன்றை எடுத்தோம். படுத்துப் பார்க்கலாம் என்றார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தோம். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஜேர்மன் தம்பதி படுத்திருந்து எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். இருபதுகளின் நடுவில், வாழ்க்கையில் முதன்முறையாக, ‘இது வேண்டாம், அது’ என்று சொல்லி நாங்கள் எடுத்த கட்டில் அது.

ஆனால் அலுமாரிகள் வரிசையாக நிற்கும் பகுதியில் எங்களுக்குக் கால் நகரவில்லை.

எங்கள் வீட்டில் ஓர் அலுமாரி நின்றது. தேக்கு, கண்ணாடி பதித்த கதவு. 1991 இல் அப்பா மலிவாக வாங்கி வந்தது என்று சொல்லுவார்கள். உள்கதவில் அரபு எழுத்தில் ஒரு சிறிய தாள் ஒட்டியிருந்தது. அம்மா தண்ணீர் தொட்டுச் சுரண்டியும் முழுதாகப் போகவில்லை. பிள்ளைகளாக அதை வெறும் கோலம் என்று நினைத்தோம். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அது ஒக்ரோபர் 30. இரண்டு மணி நேரத்துக்குள் புறப்பட வேண்டும். நகையையும் காசையும்கூடப் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். அவர்கள் விட்டுப்போன வீட்டுச் சாமான்கள் பின்னர் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் நாங்கள்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 இல், வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழைக்குள் நடந்த அந்தச் சனத்துக்குள் ஏழு வயதில் நாங்களும் இருந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவில்லை, நிலையில்லை, அலுமாரியும் இல்லை. எங்கள் சாமான் போய்விட்டது என்று அம்மா தலையில் அடித்து அழுதா. எங்கள் சாமான்! அந்தச் சொல்லில் பாதிதான் உண்மை என்பது பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அப்பாவிடம் கேட்டோம். “நான் வாங்காட்டி வேறை ஆரும் வாங்கியிருப்பாங்கள்” என்றார். பிறகு கனநேரம் பேசவில்லை.

புலம்பெயர்ந்த எமது பத்திரிகைகளில் இழந்த வீட்டையும் வேப்பமரத்தையும் பற்றி நிறையப் படித்துவிட்டோம். இழந்தவற்றின் பட்டியலை எழுதும்போது, வாங்கியவற்றின் பட்டியலையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

மலிவான சாமானுக்குப் பின்னால் யாரோ ஒருவர் நிற்பது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததல்ல. கிழக்கு ஜேர்மனியில் அரசியல் கைதிகளைக் கொண்டு தளபாடங்களுக்கான பாகங்கள் செய்விக்கப்பட்டதை இகேயா 2012 நவம்பரில் ஒரு விசாரணை அறிக்கைக்குப் பின் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. 2024 இல் அப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கு 60 இலட்சம் யூரோ தருவதாக அதன் ஜேர்மன் நிறுவனம் சொன்னது. எம்மவர்கள் ஷோனெஃபெல்ட்டில் இறங்கி ரயில் ஏறிய அதே வருடங்களில், அதே நாட்டின் சிறைகளில், மேற்கின் வரவேற்பறைகளுக்கான பாகங்களைக் கைதிகள் செய்துகொண்டிருந்தார்கள். பிழையை ஒப்புக்கொள்ளவும் ஈடு கொடுக்கவும் ஒரு கம்பனிக்குப் பல பத்து வருடங்கள் பிடித்தன. நாங்கள் இன்னும் தொடங்கவில்லை.

அலுமாரி வாங்காமல் திரும்பினோம். உடுப்புக்கு இரண்டு தட்டுள்ள திறந்த ராக்கை ஒன்று இப்போதும் போதுமாக இருக்கிறது.

*

வால்டோர்ஃபில் இன்று இன்னொரு வகைத் தமிழரும் இருக்கிறார்கள். 1972 இல் ஐந்து பொறியியலாளர்கள் தொடங்கிய எஸ்.ஏ.பி. என்ற கணினி நிறுவனம் 1977 இலிருந்து இந்த ஊரில் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டில் ஜேர்மனி கணினி வல்லுநர்களுக்கென 20,000 அனுமதிகளை அறிவித்த பிறகு, இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் பெருகினார்கள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் முதல் கிழமையிலேயே இகேயாவில் சோபா வாங்குகிறார்கள். பொறாமையாகச் சொல்லவில்லை. வேலை போனால் அவர்களின் விசாவும் ஆட்டங்காணும் என்பதும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மான்ஹைம் கடையில் அப்படி ஒருவர் எங்களிடம் கேட்டார்.

“அண்ணா, உளுத்தம்பருப்பு எங்க இருக்கு?”

“உழுந்தா தம்பி? அந்தக் கீழ்த்தட்டிலை.”

பேச்சு வளர்ந்தது. அவர் நாற்காலி என்றதை நாங்கள் கதிரை என்றோம். அவர் பீரோ என்றதை நாங்கள் அலுமாரி என்றோம். இருவரும் ஒரே கடையில் வாங்கி, ஒரே ஆணித் திறப்பால் பூட்டியிருக்கிறோம் என்று சிரித்தோம். “ஊருக்கு எப்பண்ணா போவீங்க லீவுக்கு?” என்று கேட்டார். தஞ்சம் கேட்டவன் லீவுக்குப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமுமில்லை. “பாப்பம்” என்றோம்.

அன்று அதே கடையில் இன்னொன்றும் நடந்தது. 2024 மே மாதத்திலிருந்து அகதி விண்ணப்பதாரர்களுக்குக் காசுக்குப் பதில் அட்டை கொடுக்கச் சட்டம் வழிசெய்திருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் வளர்ந்த ஒருவர் மாதம் 50 யூரோவைத்தான் காசாக எடுக்கலாம். 1993 இல் சொன்ன அதே காரணத்தைத்தான் இதற்கும் சொல்கிறார்கள். பொதி போய் அட்டை வந்திருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வந்த பெடியன் ஒருவன், இருபது இருபத்தொரு வயதிருக்கும், தூள் பை ஒன்றைக் கொண்டுபோய் மேசையில் வைத்து அட்டையை நீட்டினான். சின்னக் கடை, அட்டை மெசின் இல்லை. கடைக்காரர் கையை விரித்தார். பெடியன் பையைத் திரும்பக் கொண்டுபோய் அதே இடத்தில், மற்றப் பைகளோடு சரியாக வரிசைப்படுத்தி வைத்தான்.

“தம்பி, எடுத்துக்கொண்டு வாரும். நாங்கள் குடுக்கிறம்.”

“வேண்டாம் அண்ணை.”

“பிறகு தாரும்.”

கொஞ்சநேரம் யோசித்தான். பிறகு தட்டுக்குப் போய், முதலில் எடுத்த பையை எடுக்காமல், ஒவ்வொன்றாகத் திருப்பி வாசிக்கத் தொடங்கினான். எது வறுத்தது, எது வறுக்காதது, எதில் உறைப்பு அதிகம் என்று கடைக்காரரிடம் கேட்டான். எங்களுக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வேலையும் இருந்தது, சனி இரவுக்குச் செலரிக் கிழங்கு வெட்ட வேண்டும். அவசரப்படுத்தாமல் நின்றோம். நாலு வகையையும் பார்த்து முடித்துத்தான் அவன் ஒன்றை எடுத்தான்.